தெருமுனை வரைக்கும்தான் பெண்கள்

சில வருடங்களுக்கு முன், ஒரு ஐப்பசி அடைமழையில் நடந்தது இது. திருவையாற்றுக்கு அந்தப் பக்கம், சம்பா வயல்களுக்கு நடுவே இருக்கும் சின்ன ஊர். அந்த ஊர்க் கிறிஸ்தவச் சபைக்கு நான் போதகராகப் போய் ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

எங்கள் சபையில் போதகரை 'ஐயர்' என்றுதான் கூப்பிடுவோம். பூணூல் போட்ட ஐயர் இல்லை, அங்கி போட்ட ஐயர். அவருடைய மனைவி 'ஐயரம்மா'. தலைமுறை தலைமுறையாக இந்த ஏற்பாட்டில் ஒரு குழப்பமும் இருந்ததில்லை. நான் குருப்பட்டம் வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்ததும்தான் வந்தது வினை. எல்லாரும் என்னை ஐயரம்மா என்றார்கள். அப்படியென்றால் ஐயர் யார்? தஞ்சாவூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் என் கணவர்! வீட்டு வாசலில் அவர் பைக்கை நிறுத்தினால் போதும், யாராவது குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து, "தலையில கை வச்சு ஜெபம் பண்ணுங்க ஐயரே" என்பார்கள். "நான் வெறும் ஐயரம்மாங்க. ஐயர் உள்ள ரசம் வச்சிக்கிட்டு இருக்காங்க" என்பார் அவர்.

வெளியே சிரித்தாலும் உள்ளுக்குள் எனக்கு வலிக்கும். அந்த இடத்துக்கு வர நான் பட்ட பாடு கொஞ்சமா? நடவுக்குப் போய் என்னைப் படிக்க வைத்தாள் அம்மா. "பொண்ணை ஐயருக்குப் படிக்க வைக்கிறாளாம்" என்று வரப்பில் நின்று சிரித்தவர்களுக்கு அவள் பதில்கூடச் சொன்னதில்லை. இறையியல் கல்லூரியில் எனக்குப் பாடம் எடுத்த பேராசிரியை, மைக் இருக்கும் கோயிலுக்கு உன்னை அனுப்ப மாட்டார்கள் என்று சொல்லிச் சொல்லியே, மைதானத்தின் ஒரு கோடியில் என்னை நிறுத்தி மறு கோடிக்குக் கேட்கும்படி வாசிக்க வைத்தார். எங்கள் சொந்த ஊர்ச் சபையார் சேர்ந்து அங்கி தைத்துக் கொடுத்தார்கள். பட்டம் வாங்கிய அன்று மேடையில் நின்று அழுதுகொண்டே எல்லாருக்கும் நன்றி சொன்னேன். சொல்ல வேண்டிய நன்றியெல்லாம் அதோடு சொல்லி முடித்தாயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த ஐப்பசியில், சபையைச் சேர்ந்த டிராக்டர் டிரைவர் ஒருவர் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். அவர் படுக்கையில் கிடந்த நாளெல்லாம் நான் போய் ஜெபம் செய்துவிட்டு வருவேன். கண் மூடியபோதும் பக்கத்தில்தான் நின்றேன். ஊருக்குக் கொண்டுவந்ததும் அங்கியை மாட்டிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனேன். போதகருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"வீட்டு ஜெபத்தை நீங்க நடத்திடுங்கம்மா. கல்லறை ஜெபத்துக்கு, பக்கத்து ஊர் ஐயரை வரச் சொல்லியிருக்கோம். பொம்பளைங்க தெருமுனை வரைக்கும்தானே... தப்பா எடுத்துக்காதீங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குப் பேசியிருப்பேன். மனுஷர் அவ்வளவு மரியாதையாகச் சொன்னார். "சரிங்க" என்று தலையாட்டிவிட்டேன். அவர் சொன்னதில் பொய்யும் இல்லை. எங்கள் பக்கத்தில் சாவு என்றால், தெருமுனையில் பெட்டியை ஒருமுறை இறக்கி வைப்பார்கள். பெண்கள் அங்கேயே அழுது முடித்துத் திரும்பிவிட வேண்டும். என் அப்பா இறந்தபோது நான் கல்லூரியில் கடைசி வருடம். அடக்க ஆராதனை முழுவதும் எனக்கு மனப்பாடம். ஆனாலும் அப்பாவோடு நான் போனது தெருமுனை வரைக்கும்தான்.

பக்கத்து ஊர் ஐயர் வந்தபாடில்லை. வழியில் மரம் சாய்ந்து ரோடு அடைபட்டுக் கிடந்ததாம். மழை விட்டுவிட்டு அடித்தது. கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டியவர்கள் ஆள் அனுப்பினார்கள். இறைக்க இறைக்கத் தண்ணீர் ஊறுகிறது, சீக்கிரம் கொண்டுவராவிட்டால் பெட்டி மிதக்கும் என்று. ஐப்பசியில் எங்கள் மண் அப்படித்தான்.

அந்தப் பேச்சு உள்ளே உட்கார்ந்திருந்த, இறந்தவருடைய மனைவியின் காதில் விழுந்துவிட்டது. அதுவரை சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தவர் எழுந்து வாசலுக்கு வந்தார்.

"யாருக்குய்யா காத்துக்கிட்டு இருக்கீங்க?"

"பக்கத்தூரு ஐயர் வந்துடட்டும்னுதான்..." என்று இழுத்தார் உபதேசியார்.

"நம்ம ஐயர் இங்கதானே நிக்கிறாங்க! அவரு மூச்சு நிக்கிறப்ப இவங்கதானே பக்கத்துல இருந்தாங்க. உசுரு போறப்ப ஆன ஜெபம், மண்ணுக்குள்ள போறப்ப ஆகாதா? ஐயரே, பெட்டியை எடுக்கச் சொல்லுங்க."

பழக்க தோஷம், எனக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். குடையோடு என் கணவர் நின்றார். "உன்னைத்தான் சொல்றாங்க" என்றார்.

உபதேசியார் வானத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கடைசியில், "சரி, தூக்குங்கப்பா" என்றார். மனம் மாறினாரா, மழைக்குப் பயந்தாரா, இன்று வரை நான் கேட்டதில்லை.

தெருமுனை வந்தது. பெட்டியை இறக்கி வைத்துத் திரும்பத் தூக்கினார்கள். பெண்கள் நின்றுவிட்டார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் நின்றுவிட்டேன். அங்கி போட்டிருக்கிறேன், கையில் புத்தகம் இருக்கிறது, கால் மட்டும் நகரவில்லை. அப்பாவின் பெட்டி வாய்க்கால் திருப்பத்தில் மறைந்தது அப்படியே கண்ணில் வந்து நின்றது. அப்போது முதுகில் ஒரு கை பட்டது. அந்த அம்மாதான்.

"போங்க ஐயரே. அவரை நல்லபடியா விட்டுட்டு வாங்க" என்று மெதுவாகத் தள்ளிவிட்டார்.

அவ்வளவுதான், கால் எழும்பிவிட்டது. கல்லறைத் தோட்டத்துக்குப் பாதை கேட்டு ஊர்க்காரர்கள் மனு கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். இன்னும் வரப்புதான். அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வழுக்கி வழுக்கி நடந்தேன். வெளியூரிலிருந்து வந்த சொந்தக்காரர் ஒருவர் என் கணவரிடம் போய், "ஸ்தோத்திரம் ஐயரே" என்று கும்பிட்டார். அவர் குடையாலேயே என்னைக் காட்டினார். மழை இரைச்சலில், மைக் இல்லாத அந்த வெட்டவெளியில், வரப்புக் கோடியில் நின்றவர்களுக்கும் கேட்கும்படி வாசித்தேன். ஒரு வார்த்தை பிசகவில்லை. பெட்டி இறங்கி, மண் மூடி முடிந்ததும் எனக்கு வந்த பெருமூச்சு இருக்கிறதே, அப்பாடா!

திரும்பி வந்தபோது அந்த அம்மா தலைமுழுகிவிட்டு ஈரத் தலையோடு வாசலிலேயே காத்திருந்தார்.

"குழியில தண்ணி கெடந்துச்சா ஐயரே?"

"இல்லைங்க. நல்லா இறைச்சு, வைக்கோல் பரப்பி, அதுமேலதான் இறக்கினாங்க. கொஞ்சங்கூட அலுங்கல. மொத மண்ணு உங்க மகன் போட்டாரு. அவரு நடுங்கினப்ப உபதேசியார் தோளைப் பிடிச்சுக்கிட்டாரு."

அவர் முகம் தெளிந்ததைப் பார்த்தேன். அதற்குள் தெருப் பெண்கள் எல்லாரும் என்னைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். யார் எங்கே நின்றார்கள், யார் அழுதார்கள், தலைமாட்டில் என்ன மரம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். "ஆம்பளைங்ககிட்ட கேட்டா 'எல்லாம் நல்லபடியா முடிஞ்சிது'ன்னு ஒத்த வார்த்தையில முடிச்சிடுவாங்க" என்றார் ஒருவர். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அப்பாவைப் பற்றி எனக்குச் சொல்லப்பட்டதும் அந்த ஒரே வார்த்தைதான். அதற்குமேல் எனக்கு இன்றும் தெரியாது.

அன்றிலிருந்து எந்த அடக்கம் முடிந்து வந்தாலும், அங்கியைக் கழற்றுவதற்கு முன்னால் அந்த வீட்டுப் பெண்களோடு உட்கார்ந்து, பார்த்ததை ஒன்று விடாமல் சொல்லிவிடுகிறேன். என் முதுகில் கை வைத்துத் தள்ளிவிட்ட அந்த அம்மாவுக்கு எனக்குச் சொல்லத் தெரிந்த நன்றி அதுதான்.