பாய் தர்றேன்னு சொன்ன தீர்ப்பு

யூசுப் பாய் போயிட்டார்.

காலையில சிங்காநல்லூர்ல பல்லடம் பஸ் ஏறி, பக்கத்து சீட்ல அவருக்காக என் பையை வெச்சுட்டு உட்கார்ந்திருந்தேன். அவர் போன்ல இருந்து கால்... பேசினது அவர் பொண்ணு. விடியறதுக்கு முன்னாடியே நெஞ்சுவலி. ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலேயே முடிஞ்சு போச்சாம்.

பையை எடுத்து மடியில வெச்சுக்கிட்டேன். வேறென்ன செய்யறதுன்னு தெரியலை.

தெரியாதவங்களுக்குச் சொல்றேன். யூசுப் பாய் கோட்டைமேட்டுக்காரர், சிவில் வக்கீல். எனக்கு நண்பர்னு சொல்றதா, எதிரின்னு சொல்றதா... நான் யாருக்கு வக்காலத்து போட்டாலும் எதிர்ப்பக்கம் எப்படியாவது பாய் வந்து நிப்பார்.

கடைசியா நாங்க மோதிக்கிட்டு இருந்தது பல்லடம் பக்கம் ஒரு தடம் கேஸ். என் கட்சிக்காரர் தன் தோட்டத்துக்குள்ள போற தடத்தைக் கம்பிவேலி போட்டு அடைச்சுட்டார். பின்னாடி இருக்கிற செல்வி வீட்டுக்கு அந்தத் தடம்தான் வழி. செல்விக்காக பாய்.

பள்ளத்துல இறங்கிப் போக இன்னொரு வழி இருக்குங்கறது என் வாதம். மழை வந்தா அந்தப் பள்ளத்துல இடுப்பளவு தண்ணி ஓடும். செல்வியோட பொண்ணு அன்னைக்கு ஸ்கூலுக்குப் போக முடியாது. அது எனக்கும் தெரியும். ஆனா வேற வழி இருக்குன்னா அவசியத்துக்காகக் கேட்கிற தட உரிமை நிக்காதுங்கறதுதான் சட்டம். நான் அதைப் பிடிச்சுக்கிட்டேன்.

இப்படி அடிச்சுக்கிற ரெண்டு பேரும் ஒரே பஸ்லதான் போவோம்.

பாய்க்கு தீர்ப்புன்னா உசிரு. புதுசா ஒண்ணு வந்தா அன்னைக்கு அவருக்குப் பெருநாள்தான். "அம்மணி, இந்தத் தீர்ப்பை நம்பாதீங்க. நீங்க அடிக்கோடு போட்டிருக்கிறது நீதிபதி போற போக்குல சொன்னதுங்க. எந்த வரியை உருவினா முடிவு பொதுக்குன்னு உழுந்துருமோ, அது மட்டுந்தான் தீர்ப்பு"ம்பார். சூலூர் தாண்டறதுக்குள்ள குரல் ஏறிடும்.

கண்டக்டர் ஒருநாள் கேட்டே கேட்டுட்டார். "ஏனுங்க, ஊட்ல ஏதாச்சும் சண்டைங்களா?"

ஆனா கோர்ட்டுக்கு முந்தின ஸ்டாப்பிங் வந்ததும் பேச்சை அப்படியே நிறுத்திட்டு இறங்கிடுவார். கருப்புக் கோட்டைக் கையில போட்டுக்கிட்டு வெயில்ல நடந்து வருவார். ஏன் பாய்னு கேட்டதுக்கு, "எதிர்ப்பார்ட்டி வக்கீலோட சிரிச்சுப் பேசீட்டு எறங்குனா உங்க ஆளு என்ன நெனைப்பாருங்க? உங்க பொழப்பைக் கெடுக்கறதுக்குங்களா நானு?"

வேலியை எடுக்கச் சொல்லி அவர் போட்ட இடைக்கால மனு தள்ளுபடி ஆச்சே, அன்னைக்கு அவரைப் பார்த்திருக்கணும். நான் ஜெயிச்சேன். டீக்கடையில அந்த உத்தரவை சத்தமா வாசிச்சு ரசிச்சுக்கிட்டு இருந்தது தோத்த பாய்.

செல்வி பாவம், மூஞ்சியே செத்துப் போய் நின்னுச்சு. "ஏனுங்க பாய், நாம தோத்துட்டமுங்களா?"

"தோத்துட்டோம் கண்ணு. ஆனா ஜட்ஜு காரணம் எழுதித் தோக்கடிச்சிருக்காருங்க. காரணம் எழுதியிருந்தா அதுக்குப் பதில் சொல்லலாம். ஒண்ணுமே எழுதாம முடியாதுன்னு போட்டிருந்தாத்தான் நாம திண்டாடோணும்."

செல்விக்கு என்ன புரிஞ்சுச்சோ தெரியலை. அவர் சொன்னா சரிதான்னு தலையாட்டுச்சு.

நேத்து சாயங்காலம் பாய் போன் பண்ணார். இன்னைக்கு இந்தக் கேஸ்ல அவரோட கடைசி வாதம். குரல்ல அவ்வளவு குஷி...

"அம்மணி, கெடைச்சிருச்சுங்க. மழைக்காலத்துல நடக்க முடியாத வழி வழியே இல்லைன்னு பழைய தீர்ப்பு ஒண்ணு. ஒரே ஒரு பாராதான். உங்க கேஸு காலி. காலையில ஜெராக்ஸ் போட்டு பஸ்ல தர்றேன், பதில் தயார் பண்ணிக்குங்க."

எப்பவும் அப்படித்தான். எதிராளிக்குக் காட்டாம ஒரு தீர்ப்பைக் கோர்ட்ல எடுத்து நீட்டவே மாட்டார். எந்த வருஷம், எந்தக் கோர்ட்டுன்னு நானும் கேட்டுக்கலை. காலையில கையில வந்துரும்னு விட்டுட்டேன்.

காலையில அவர் பொண்ணு பேசி வெச்சதுக்கு அப்புறமும் நான் பஸ்ஸை விட்டு இறங்கலை. கோர்ட்டுக்கு யாராவது சொல்லணுமே. கேஸைக் கூப்பிட்டதும் நான்தான் எழுந்து சொன்னேன், எதிர்த்தரப்பு வக்கீல் இறந்துட்டார்னு. எல்லாரும் எழுந்து நின்னாங்க.

கேஸுக்கு வாய்தா போட்டாச்சு. வாய்தா வாங்கறதுன்னா பாய்க்கு ஆகவே ஆகாது. காய்ச்சலோட வந்து வாதாடின மனுஷர். அவருக்காக விழுந்த வாய்தா, கேட்டது நான்.

வெளியில என் கட்சிக்காரர் பக்கத்துல வந்தார். "இனி சீக்கிரம் முடிஞ்சிருமுங்களா மேடம்?" நான் கேட் பக்கமா நடந்துட்டேன்.

செல்வி கேட் பக்கத்துல அழுதுட்டு நின்னுச்சு. "நேத்து என்னமோ கெடைச்சிருச்சுன்னு சொன்னாருங்களே மேடம்... அது என்னன்னு உங்களுக்குத் தெரியுமுங்களா?"

சாயங்காலம் அசர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம். அதுக்கு முன்னாடி போய் முகம் பார்த்துட்டு வந்தேன். அவர் பொண்ணு அந்த நிலையிலயும் கேஸ் கட்டைப் பிரிச்சுப் பார்த்துச்சு. எதுவும் இல்லை. ஜெராக்ஸ் காலையிலதானே எடுக்கறதா இருந்தார்...

வீட்டுக்கு வந்ததுல இருந்து தேடிக்கிட்டு இருக்கேன். என் கேஸைக் காலி பண்ற அந்த ஒரு பாராவை. என் கட்சிக்காரர் இதைப் படிச்சா படிக்கட்டும். கிடைச்சா மறைக்க மாட்டேன். செல்விக்கு யார் வக்கீலா வந்தாலும் அவங்க கையில முன்னாடியே குடுத்துடுவேன்.

இன்னும் கிடைக்கலைங்க பாய்.

நல்லபடியா போய்ச் சேருங்க.