அரிக்கிற கிழங்கும் இனிக்கிற கிழங்கும்

கிழங்கு விற்கிறவனுக்கு இரண்டே இரண்டு விஷயம் தெரிந்தால் போதும்: எது அரிக்கும், எது இனிக்கும். எனக்கு இரண்டுமே தெரியாது என்பதைக் கடையில் சேர்ந்த முதல் நாளே ஊருக்குக் காட்டிவிட்டேன்.

இருபத்தாறு வருஷம் கப்பல் சரக்குக் கம்பெனியில் டாக்குமென்ட் பார்த்தவன் நான். கம்பெனி சுருங்கியது, நான் வெளியே வந்தேன். ஆறு மாதம் சிங்கப்பூர் பிடோக் வீட்டு சோபாவில் உட்கார்ந்து, வேலைக்குக் கிளம்பும் மனைவி ஸ்டெல்லாவுக்குக் கதவைத் திறந்துவிடுவதுதான் என் உத்தியோகம். அவள் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. லிட்டில் இந்தியாவில் காய்கறிக் கடை வைத்திருக்கும் மீனாட்சி அக்கா, "கிழங்குப் பக்கம் நிக்க ஆள் இல்லை சேவியர். பொங்கல் வரைக்கும் பார்ப்போம். சரிப்பட்டா இரு, இல்லேன்னா மனசுல வெச்சுக்காதே" என்றார். அப்போது பொங்கலுக்கு மூன்று மாதம் இருந்தது.

ஐம்பதைத் தாண்டி வேலை மாறியவர்கள் யாராவது இதைப் படித்தால், ஐயா, அம்மா, உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். நாமெல்லாம் ஒரே கட்சி.

நடமாடும் விளம்பரம்

சேனை முழுசாக விற்காது. யானைக் கால் மாதிரி ஒன்று உட்கார்ந்திருக்கும். கேட்கிறவர்களுக்கு வேண்டிய அளவு வெட்டித் தர வேண்டும். அக்கா கத்தியைக் கையில் கொடுத்து, "கை ஈரமில்லாம இருக்கணும், கழுவாம வெட்டு" என்று சொல்லிவிட்டுப் போனார். நமக்குத்தான் ஆபீஸ் சுத்தம் ஆச்சே! அத்தனை மண்ணோடு ஜனங்களுக்குக் கொடுப்பதா என்று குழாயடியில் வைத்துத் தேய்தேய் என்று தேய்த்து, சொட்டச் சொட்ட வெட்டினேன்.

பத்து நிமிஷத்தில் விரல் இடுக்கில் ஆரம்பித்தது. அந்தக் கையாலேயே கழுத்தைச் சொறிந்தேன். அப்புறம் காது. அப்புறம் எதைச் சொறிகிறோம் என்று பார்க்கிற நிலைமையில் நான் இல்லை. அக்கா புளியைக் கரைத்து எடுத்து வருவதற்குள், அரைக் கிலோ சேனை கேட்டிருந்த ஒரு அம்மா என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். பையை மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டே சொன்னார்: "வேணாம்ணே, எனக்கு உருளைக்கிழங்கே குடுங்க. வீட்டுல சின்னப் பிள்ளைங்க இருக்கு."

சிவப்பு டிராலி ஆன்ட்டி

வாரத்தில் ஒரு நாள் சிவப்பு டிராலியை இழுத்துக்கொண்டு ஒரு சீன ஆன்ட்டி வருவார். முதல் தடவை வந்து "யாம்" என்றார். யாம் என்றால் சேனை என்று எனக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். பெருமையாக ஒரு துண்டு வெட்டி நீட்டினேன். அதை மோந்து பார்த்து, டிராலிச் சக்கரத்தால் என் காலை நகர்த்திவிட்டு, அவரே உள்ளே போய்ப் பீப்பாய் மாதிரி இருக்கும் பெரிய சேம்பை எடுத்து வந்தார். வெள்ளையில் ஊதா நூல் ஓடுமே, அது. சிங்கப்பூரில் யாம் கேக், யாம் இனிப்பு என்றால் அதுதான். இங்கேயே பிறந்து வளர்ந்து அத்தனை யாம் கேக் தின்ற எனக்கு அது தோன்றவில்லை பாருங்கள்!

இரண்டு சேம்பை இரண்டு கையிலும் வைத்துத் தூக்கிக் காட்டினார். ஒரே அளவு, ஒன்று கனம், ஒன்று லேசு. லேசாக இருப்பதுதான் மாவு மாவாக வேகுமாம், கனமாக இருப்பது தண்ணீர் கோத்தது. நான் தலையைத் தலையை ஆட்டிவிட்டு, கனமானதைப் பையில் போட்டேன். ஆன்ட்டி அதைப் பையிலிருந்து எடுத்து வெளியே வைத்துவிட்டுக் கேட்டார்: "அங்கிள், யூ பிஃபோர் திஸ் வாட் ஜாப் லா?"

ஒன்றுகூட இல்லை

யாம் விவகாரம் அதோடு முடியவில்லை. ஒரு அமெரிக்கப் பெண்மணி வந்து யாம் கேட்டபோது நான் உஷாராகிவிட்டேன். லேசான சேம்பாகப் பொறுக்கி நீட்டினேன். அவரோ ஆரஞ்சு நிறச் சர்க்கரைவள்ளியைக் காட்டி, எங்கள் ஊரில் யாம் என்றால் இதுதான் என்றார். சரி தாயே என்று கொடுத்து அனுப்பினேன்.

இதையெல்லாம் வெண்டைக்காய் ஒடித்துப் பார்த்துக்கொண்டே ஒரு பெரியவர் கேட்டுக்கொண்டிருந்தார். ஓய்வு பெற்ற விஞ்ஞான ஆசிரியராம். சேனையும் சேம்பும் ஒரு குடும்பம், அதனால்தான் இரண்டும் அரிக்கும். சர்க்கரைவள்ளி வேறு குடும்பம், பச்சையாகக் கடித்தாலும் அரிக்காது, அதன் கீரையைக்கூட இங்கே வதக்கிச் சாப்பிடுகிறோம். நிஜமான யாம் என்பது கொடியில் விளைகிற பெருவள்ளி என்றார். எங்கள் கடை மூலையில் யாரும் சீண்டாமல் ஒரு கிழங்கு முடி முளைத்துக் கிடந்தது, அதுதான் பெருவள்ளியாம். நான் கொசு அடிக்கிற மட்டையை அதன் மேல்தான் சாத்தி வைத்திருந்தேன். பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி சொன்னார்: "காலையில இருந்து யாம் யாம்னு விக்கிறீங்க தம்பி, அதுல ஒண்ணுகூட யாம் இல்லை."

குளிர்பெட்டி

சும்மா இருந்தேனா? இல்லை. வெயிலில் கிழங்கெல்லாம் வாடுகிறதே என்று எனக்கு ஒரு கவலை வந்தது. எனக்குக் கவலை வந்தால் கடைக்கு நஷ்டம் என்று அக்கா இப்போது சொல்கிறார், அப்போது தெரியாது. சர்க்கரைவள்ளியைக் கூடையோடு தூக்கிக் கீரை வைக்கிற குளிர்பெட்டிக்குள் வைத்துவிட்டேன். நாலு நாள் கழித்துப் பார்த்தால் தோல் பளபளவென்று இருந்தது. எனக்கு நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன்.

குளிரில் வைத்த சர்க்கரைவள்ளி நடுவில் கட்டை தட்டிப்போகும், எத்தனை வேகவைத்தாலும் வேகாது என்பதை எனக்குச் சொன்னவர் ஒரு புதுமணப் பெண். கிழங்கு வாங்கிப் போன மறுநாள் டப்பாவோடு வந்தார். திறந்து காட்டினார், ஓரம் குழைந்து, நடுவில் மரக்கட்டை. "அண்ணே, ஒரு மணி நேரம் அடுப்புல வெச்சேன். என் மாமியாரே இளகிட்டாங்க, இது இளகல."

கத்தியும் நானும்

இப்போது பெரிய சமாச்சாரம். பொங்கலுக்கு முதல் நாள். கரும்பு, மஞ்சள் கொத்து, மண்பானை என்று தெருவே நிரம்பி வழிந்தது. அக்கா கரும்பு இறக்கப் பின் சந்துக்குப் போய்விட்டார். முன்னால் நான் மட்டும். வருகிறவர்களெல்லாம் சர்க்கரைவள்ளியைத் தூக்கி, "உள்ளே வெள்ளையா, ஊதாவா, ஆரஞ்சா?" என்று கேட்டார்கள். தோலைப் பார்த்து எனக்கு எங்கே தெரியும்? சேனையை வெட்டித்தானே விற்கிறோம், இதையும் வெட்டி வைத்தால் ஜனங்களே நிறம் பார்த்து எடுத்துக்கொள்வார்கள் என்று ஒரு யோசனை உதித்தது. ஒன்றிரண்டு வெட்டினால் போதாதா? போதாது, எனக்குப் போதாது. மூன்று கூடையையும் நீளவாக்கில் பிளந்து, வெள்ளை, ஊதா, ஆரஞ்சு என்று வரிசையாக அடுக்கிவிட்டேன். பார்க்க அத்தனை அழகு. போட்டோகூட எடுத்தேன்.

அரை மணி நேரத்தில் வெட்டின முகமெல்லாம் பால் வடிந்து கறுத்தது. அதைவிடப் பெரிய கூத்து, ஒருத்தர் ஒரு துண்டைத் தொடவில்லை. பொங்கல் படையலுக்கு முழுக் கிழங்குதான் வைப்பார்கள்; வெட்டினதை யார் சாமி முன்னால் வைப்பார்கள்? நாங்கள் மாதா கோயில் போகிற குடும்பம் என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. எங்கள் கோயிலிலும் வருஷா வருஷம் பொங்கல் வைக்கிறோம், பக்கத்தில் முழுக் கிழங்குதான் இருக்கும். நான் பார்த்ததெல்லாம் பானையை மட்டும்தான். அக்கா திரும்பி வந்தார். மூன்று கூடையையும் பார்த்தார். "பொங்கல் முடியட்டும், பேசுவோம்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கரும்புப் பக்கம் போய்விட்டார். மறுபடியும் அந்த சோபாவா? மறுபடியும் கதவு திறக்கிற வேலையா? பயமாக இருந்தது, வெட்கமாகவும் இருந்தது.

அந்த நேரம் பார்த்து சிவப்பு டிராலி ஆன்ட்டி வந்து நின்றார். அடுக்குமாடி பிளாக்கில் இருக்கும் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கெல்லாம் புபுர் சாச்சா செய்கிறாராம். தேங்காய்ப் பாலில் சேம்பையும் சர்க்கரைவள்ளியையும் பொடிப் பொடியாக வெட்டிப் போடுகிற பாயசம் அது. மூன்று நிறமும் வேண்டும், எப்படியும் துண்டு போடத்தான் போகிறார். கறுத்த முகத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்து, சீவிவிட்டால் போச்சு என்று டிராலி நிறைய அள்ளிக்கொண்டார். நான் கேட்காமலே உள்ளே போய் நாலு சேம்பைத் தூக்கித் தூக்கிப் பார்த்து, இருப்பதிலேயே லேசானதை எடுத்து வந்து கொடுத்தேன். ஆன்ட்டி அதைக் கையில் வாங்கித் தூக்கிப் பார்த்தார். அக்கா இருந்த பக்கம் திரும்பி, கடைக்கே கேட்கிற மாதிரி, "திஸ் அங்கிள் ஆல்ரெடி கேன் லா!" என்றார். நான் தேறிவிட்டேனாம்.

மீதி

ஆன்ட்டி ஒருத்தர் எத்தனை வாங்க முடியும்? மீதியை அக்கா பைபையாகக் கட்டி என் கையிலேயே கொடுத்துவிட்டார். ரயிலில் நாலு பை சர்க்கரைவள்ளியோடு உட்கார்ந்து, ஸ்டெல்லாவிடம் என்ன சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். கதவைத் திறந்தாள். ஒத்திகையெல்லாம் மறந்து, "வேலை போயிடும்போல இருக்கு" என்று உளறிவிட்டேன். அவள் பைகளை வாங்கி உள்ளே பார்த்தாள், என்னைப் பார்த்தாள். சிரிப்பை அடக்க முடியாமல் அடுப்பைப் பற்றவைத்தாள். "இருபத்தாறு வருஷமா ஆபீஸ்ல இருந்து தலைவலியத்தான் கொண்டு வந்தீங்க. இதையாவது வேகவெச்சுத் திங்கலாம்."

பேச்சு

பொங்கல் முடிந்து கடைக்குப் போனேன். திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று கடையில் கொடுத்த ஏப்ரனைத் துவைத்து மடித்து எடுத்துப் போயிருந்தேன். கிழங்குக் கூடைக்கு மேலே புதிதாக ஒரு அட்டை தொங்கியது. அக்காவின் கையெழுத்து: "கிழங்கு பற்றிய விவரங்களுக்கு சேவியரைக் கேட்கவும்." நான் அட்டையைப் பார்த்தேன், அக்காவைப் பார்த்தேன். "அக்கா, நிஜமாவா?" என்றேன்.

அக்கா கொத்தமல்லிக் கட்டைப் பிரித்துக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னார்: "கிழங்குல பண்ண முடிஞ்ச தப்பையெல்லாம் நீ பண்ணி முடிச்சுட்ட. புதுசா ஒரு ஆளை வெச்சா, அவர் முதல்ல இருந்து ஆரம்பிப்பார்."

ஆக, மூன்று மாதத்தில் நான் கற்ற வித்தை இவ்வளவுதான்: சேனையை வெட்டித்தான் விற்க வேண்டும், சர்க்கரைவள்ளியை வெட்டாமல்தான் விற்க வேண்டும், எனக்கு யோசனை வருகிற நேரத்தில் கத்தியை யாராவது வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.