வடிகட்டிக் கொடுத்த தண்ணீர்

"அந்த மூலை வீட்டு மருமகனுக்கு மூக்குக்கு மேல கோபம் மோளே! கல்யாணப் பந்தியில பப்படம் ஒடஞ்சிருக்குன்னு எலையை மடிச்சுட்டுப் போயிட்டான். ஒடையாத பப்படத்த இவன் எங்க கண்டான்? சரி, அத விடு. ஒன் குடத்துல இருக்கிறது கெணத்துத் தண்ணியா? கொதிக்க வெச்சுக் குடி. ஏன்னா கேக்குற? இப்படி வந்து உக்காரு."

பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பெண்ணிடம் பப்படத்தில் ஆரம்பித்துக் கிணற்றுக்கு வந்துவிட்டேன். என் வாய் அப்படித்தான். ஒரு கதையைத் தொட்டால் நாலு கதையை இழுத்துக்கொண்டு வரும்.

என் மகள் யுனிவர்சிட்டியில் படித்தவள். இதைச் சொன்னால் இன்றைக்கும் எனக்கு வாயெல்லாம் பல்தான். எண்பத்திரண்டோ மூன்றோ, சரியாக ஞாபகமில்லை. நாங்கள் தமிழ்நாட்டிலிருந்து மட்டாஞ்சேரிக்கு வந்து பத்து வருஷம் ஆகியிருந்தது. அவள் அப்பா கொச்சங்காடியில் மிளகு மூட்டை தூக்குகிறவர். எனக்குக் கையெழுத்துக்கூடப் போட வராது. எங்கள் சந்தில் அவ்வளவு தூரம் படித்த முதல் பெண் அவள். என்ன படிப்பு என்று கேட்டால், "சுற்றுச்சூழல்" என்பாள்.

"அப்படின்னா?"

"காத்து, தண்ணி, மண்ணு எல்லாந்தாம்மா."

"தண்ணியப் படிக்க எதுக்குடி பஸ் ஏறிப் போற? ஒங்கம்மா கூட நில்லு, தெனமும் குழாயடியில பாடம் நடக்குது" என்பார் அவள் அப்பா. கேலிதான். ஆனால் மூட்டை தூக்குகிற இடத்தில் போய், "எம்பொண்ணு சயின்ஸாக்கும்" என்று பெருமை அடிப்பார்.

கடைசி வருஷம் அவளுக்கு ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். மட்டாஞ்சேரியில் ஆறு கிணறுகளிலிருந்து தண்ணீர் எடுத்துக்கொண்டுபோய்ச் சோதிக்க வேண்டும். குப்பிகளில் சூடு ஏறக் கூடாதாம். தோப்பும்படியில் மீன்காரர்களிடம் பழைய ஐஸ் பெட்டி ஒன்று கேட்டு வாங்கி வந்தாள். எத்தனை தேய்த்தும் அந்த நாற்றம் போகவில்லை. பஸ்ஸில் ஏறினால், "மோளே, அயில மீன் உண்டோ?" என்று கேட்பார்களாம். "பச்சத் தண்ணியாக்கும், வேணோ?" என்பாளாம் இவள். சொல்லிச் சொல்லிச் சிரிப்போம்.

ஆறில் ஒன்று எங்கள் சந்துக் கிணறு. ஒரு பக்கம் சாக்கடை ஓடை, மறுபக்கம் கக்கூஸ்கள். துணி துவைக்க, பாத்திரம் கழுவ அந்தத் தண்ணீர். குடிக்கக் குழாய்த் தண்ணீர். குழாய் ஏமாற்றுகிற நாட்களில் மட்டும் சிலர் கிணற்றுத் தண்ணீரைக் குடிப்பார்கள். எங்கள் வீட்டில் எந்தத் தண்ணீரையும் கொதிக்க வைத்துத்தான் குடிப்போம், அவள் அப்பாவுக்கு வயிறு சரியில்லாததால்.

முதல் நாள் விடிகாலையில் எங்கள் கிணற்றுத் தண்ணீரைக் குப்பியில் பிடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு, மற்றக் கிணறுகளுக்குப் போனாள். நான் பெட்டியைத் திறந்து பார்த்தேன். மஞ்சளாக இருந்தது தண்ணீர். உள்ளே நூல் மாதிரிப் பாசி. வீட்டுக்கு வந்தவருக்குத் தண்ணீர் கொடுப்பதென்றால் டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுக் கொடுக்கிற ஊரில் பிறந்தவள் நான். கலங்கல் தண்ணீர் கொடுத்தால் அந்த வீட்டு மானம் போச்சு. இதையா பெரிய வாத்தியார் முன்னால் கொண்டுபோய் வைப்பாள்? பரீட்சையில் மார்க்கு விழுமா?

வேறு தண்ணீர் எதையும் ஊற்றவில்லை. அதே கிணற்றுத் தண்ணீரைத்தான் கொதிக்க வைத்தேன். வேட்டித் துணியை நாலாக மடித்து வடிகட்டினேன். பெட்டியிலிருந்த ஐஸில் ஆறவைத்து, குப்பியைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, ஒட்டியிருந்த காகிதம் நனையாமல் நிரப்பி வைத்தேன்.

திரும்பி வந்தவள் குப்பியைத் தூக்கிப் பார்த்தாள். "என்னம்மா, தெளிஞ்சிருக்கு?"

"ஐஸ்ல இருந்தா தெளியாதா?" என்றேன்.

மூன்று தடவை எடுத்தாள். மூன்று தடவையும் அப்படியே செய்தேன்.

பிறகு ஒருநாள் சந்து முனையிலிருந்தே கத்திக்கொண்டு வந்தாள். "அம்மா! ஆறுல நம்ம கெணறு மட்டுந்தான் சுத்தம்! சாருக்கே ஆச்சரியம்!"

நான் சும்மா இருப்பேனா? வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். நான் செய்த கைவேலை எனக்கே மறந்துவிட்டது. படித்தவர்கள் பார்த்துச் சொல்லிவிட்டார்கள், கிணறு நல்ல கிணறுதான் என்று நானும் நம்பிவிட்டேன்.

அந்தக் கோடையில் குழாய் வறண்டது. எதிர்வீட்டு மருமகளுக்கு ஏழாம் மாசம். மாமியார் என்னிடம் வந்து, "ஒம்பொண்ணு சொன்னது சரிதானே? புள்ளத்தாச்சி குடிக்கலாமில்ல?" என்று கேட்டாள்.

"யுனிவர்சிட்டியே சொல்லிடுச்சு! தாராளமாக் குடிக்கட்டும்" என்றேன்.

மழை தொடங்கும்போது சந்தில் மஞ்சள்காமாலை வந்தது. நாலைந்து வீடுகளில் படுத்தார்கள், எழுந்தார்கள். எதிர்வீட்டு மருமகள் எழவில்லை. கண் மஞ்சளாகி ஒரு வாரத்தில் நினைவு தப்பியது. ஆஸ்பத்திரியிலிருந்து அவளையும் வயிற்றிலிருந்ததையும் சேர்த்துத்தான் கொண்டுவந்தார்கள்.

என் மகள் மறுபடி தண்ணீர் எடுத்தாள். இந்தத் தடவை குப்பி அவள் கையை விட்டு இறங்கவில்லை. சோதித்துவிட்டு வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள்.

"நாந்தாம்மா தப்பாப் பாத்திருக்கேன். நாந்தான் அவங்களக் கொன்னுட்டேன்."

படிக்கப் போகவில்லை. சோறு இறங்கவில்லை. மூன்று நாள் நான் வாயைத் திறக்கவில்லை. தூக்கத்திலும் பேசுகிறவள் நான்! நாலாம் நாள் புத்தகங்களையெல்லாம் கயிறு போட்டுக் கட்டினாள், பழைய பேப்பர்காரனுக்குப் போடுவதற்கு. அந்த முடிச்சைப் பார்த்ததும் சொல்லிவிட்டேன்.

திட்டுவாள் என்று நினைத்தேன். "எத்தன தடவ?" என்று மட்டும் கேட்டாள்.

"மூணு."

"மூணு தடவையுமா?" கொஞ்ச நேரம் என் கைகளையே பார்த்தாள். "சேலையை மாத்துங்க. சார்கிட்ட வந்து சொல்லுங்க."

படகு ஏறி, பஸ் ஏறிப் போனோம். வாத்தியார் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார். எனக்குப் புரியட்டும் என்று தமிழும் மலையாளமுமாகச் சொன்னார்: "அம்மே, நல்ல தண்ணி கொண்டுவந்தா மார்க்கில்ல. அழுக்க அழுக்குன்னு கண்டுபிடிச்சாத்தான் மார்க்கு." அவளிடம், "நடந்தது நடந்தபடி எழுதணும், அம்மா செய்ததும் கூடி" என்றார்.

எழுதினாள். பாஸானாள். எழுதியதை எனக்குப் படித்துக் காட்டவும் செய்தாள். அச்சில் நான் இருக்கிறது அந்த ஒரு பக்கத்தில்தான். அதையும் என்னால் படிக்க முடியாது.

ஆனால் அதற்கு முன்னால், வாத்தியாரைப் பார்த்துவிட்டு வந்த அன்று சாயங்காலமே, "எதிர்வீட்லயும் சொல்லணும்மா" என்றாள். நான் மட்டும் போனேன். மாமியார் முற்றத்தில் கப்பைக் கிழங்குக்குத் தோல் சீவிக்கொண்டிருந்தாள். எல்லாம் சொன்னேன். கத்தி நிற்கவில்லை. கடைசியில் என்னைப் பார்க்காமல் கேட்டாள்:

"அந்தக் கோடை முழுக்க நீங்க என்ன தண்ணி குடிச்சீங்க?"

"கொதிக்க வெச்சதுதான்" என்றேன்.

கப்பையை வாரிக்கொண்டு உள்ளே போனாள். கதவைச் சாத்தினாள். அதற்கப்புறம் ஒரே சந்தில் எத்தனையோ வருஷம் இருந்தோம், அவள் என்னிடம் பேசியதில்லை.

"நீ ஏன் மோளே கண்ணத் தொடைக்கிற? அட, தூறல் விழுது பாரு! மொளகா காயப் போட்டிருக்கேன். எந்திரி, எந்திரி, அந்தப் பாயோட மறு முனையப் பிடி!"