செயலாளரைத் தூக்கிய வரலாறு

பாலத்தடி ரப்பர் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் சின்னக் கிராணி சில்வெஸ்டருக்கு உடம்பு ஓரிடத்தில் நிற்காது. உட்கார்ந்தால் முழங்கால் ஆடும். முழங்காலைக் கையால் பிடித்தால், கை போய்ப் பேனா மூடியைத் திருகும். பேனாவைப் பிடுங்கி வைத்தால் எழுந்து முள்வேலி வரைக்கும் நடந்து, வேலி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்பி வருவார். அது 1951. வெள்ளைக்காரச் சர்க்கார் காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளோடு சண்டை போட்ட அவசரகாலம். வேலி எங்கேயும் போய்விடவில்லை. மாலை ஆறு மணிக்கு மேல் மற்றவர்கள் எங்கேயும் போய்விடக் கூடாது என்பதற்காகத்தான் சர்க்கார் அதைப் போட்டு வைத்திருந்தது.

இந்தத் தவிப்புக்கு ஒரு காரணம் உண்டு. ஆபீசில் அவர் இரண்டாவது கிராணி. மாதாகோயில் பாட்டுக் குழுவில் இரண்டாவது குரல். வீட்டில் மனைவி யூஜினியாவுக்கு அடுத்தபடி, அதாவது இரண்டாவது. முதலாவதாக அவர் இருந்த ஒரே இடம் பாலத்தடித் தோட்ட வாசகசாலை நலச் சங்கம். அங்கே அவர் கௌரவச் செயலாளர். தலைவராக, தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் ரெங்கசாமி மண்டோர் இருந்தார் என்பது உண்மைதான். ஆனால் தலைவர் மாலையைப் போட்டுக்கொள்பவர்; மாலை எத்தனை மணிக்குப் போடப்பட்டது என்று எழுதி வைப்பவர் செயலாளர்.

சங்கத்துக்கு ஒரு ரேடியோ, ஒரு பெட்ரோமாக்ஸ், இருபத்திரண்டு மடக்கு நாற்காலி, ஒரு மேசை மணி, நாற்பத்தொரு விதிகள் ஆகியவை சொந்தம். விதிகள் அத்தனையும் சில்வெஸ்டர் மூன்று வாரம் கண்விழித்து எழுதியவை. அவற்றிலும் இருபத்தேழாவது விதி மேல் அவருக்குத் தனிப் பிரியம். நிர்வாகக் குழுவில் இருப்பவரை நீக்கும் முறை அது. ஏழு பேர் கையெழுத்திட்ட புகார் வேண்டும். கூட்டத்துக்குப் பதினான்கு நாளுக்கு முன்பே குற்றம் சாட்டப்பட்டவர் கையில் செயலாளர் அறிவிப்பைக் கொடுக்க வேண்டும். அவர் பேச வாய்ப்பு வேண்டும். வந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு கை தூக்க வேண்டும்.

"இதைவிட மரியாதையா ஒரு மனுசன வெளிய தள்ள முடியாது" என்பார் சில்வெஸ்டர். நான்கு வருடமாக யாரும் நீக்கப்படாமல் அந்த விதி சும்மா கிடந்தது மட்டும்தான் அவருக்கு மனக்குறை.

ஒரு திங்கட்கிழமை அந்தக் குறை தீர்ந்தது. புகைக்கூடத்தில் ரப்பர் ஷீட் காயப்போடும் நவமணி ஒரு தாளை நீட்டினான்.

"என்னப்பா இது?"

"புகாருங்க ஐயா. இருபத்தேழாவது விதிப்படி."

சில்வெஸ்டருக்கு முழங்கால் ஆட்டமே நின்றுவிட்டது. "ஆகா! ஏழு கையெழுத்தும் இருக்கா? யார் மேல?"

"உங்க மேலதாங்க."

ஏழு பேர், ஏழு குற்றச்சாட்டு. காளியம்மா மகள் கல்யாணத்துக்குப் பெட்ரோமாக்ஸ் கேட்டபோது விண்ணப்பம் மூன்று பிரதி வேண்டும் என்றது. எழுதத் தெரியாத காளியம்மா மூன்று வெற்றுத் தாளில் கைநாட்டு வைத்துக் கொண்டுவந்ததை, 'பொருள் விளங்கவில்லை' என்று திருப்பி அனுப்பியது. ரெங்கசாமி மண்டோர் தன் சொந்த அப்பாவின் இரங்கல் கூட்டத்தில் பேசிக்கொண்டிருக்கும்போது, நேரமாகிவிட்டது என்று மணி அடித்தது. கூட்டத்தில் தூங்கியவர்களை வருகைப் பதிவேட்டில் 'பாதி வருகை' என்று குறித்தது. இப்படியே போய்க் கடைசி வரியில் முடிந்திருந்தது: 'ஆகவே மேற்படி செயலாளரைத் தூக்கிவிட வேண்டும்.'

சில்வெஸ்டருக்குக் குற்றச்சாட்டு எதுவும் உறைக்கவில்லை. கடைசி வரிதான் உறுத்தியது.

"தூக்கிவிடன்னா எழுதுவாங்க? நீக்கிவிடன்னு எழுதக் கூடாதா? அதுவும் இந்த 'வி'யப் பாரு, 'லி' மாதிரி நிக்குது."

"புகையில நின்னு எழுதினதுங்க ஐயா. கண்ணு தெரியல. நீங்களே திருத்திக்குங்களேன்."

பேனா தானாகவே கைக்கு வந்தது. மூடியும் கழன்றது. ஆனால் முப்பத்தொன்றாவது விதி குறுக்கே வந்து நின்றது: புகாரில் ஓர் எழுத்தைக்கூடச் செயலாளர் மாற்றலாகாது. அதையும் எழுதியவர் அவர்தான். மூடியைத் திருகி மூடினார்.

அன்று மாலையே சட்டையை மாற்றிக்கொண்டு, வீட்டுக் கூடத்தில் நின்று, அறிவிப்பை வலது கையிலிருந்து இடது கைக்குக் கொடுத்தார். 'பெற்றுக்கொண்டேன்' என்று கையெழுத்துப் போட்டார். சாட்சிக்கு யூஜினியாவைக் கூப்பிட்டார்.

"உங்களுக்கு நீங்களே கடுதாசி குடுத்துக்கிட்டத நான் பாத்தேன்னு எழுதணுமா?"

"ஆமா. தேதி போட்டு."

"என்னங்க, அவங்க வேணாங்கிறாங்க. வுட்டுட்டுப் போனா என்ன லா? சாயங்காலத்துல மனுசனா வீட்டுல இருக்கலாம்."

"விட்டுட்டுப் போறதுக்கு விதி இல்ல, யூஜினி. நீக்கத்தான் விதி இருக்கு."

வாய் அப்படிச் சொன்னாலும் உள்ளுக்குள் அவருக்கு உயிர் துடித்தது. அந்தப் பதவி போனால் அப்புறம் உலகத்தில் எங்கே போனாலும் இரண்டாவதுதான். அன்றிலிருந்து அவர் தன் தரப்பு வாதத்தை எழுத ஆரம்பித்தார். சோற்றில் கை வைத்தபடி யோசிப்பார். எழுந்து போய் ஒரு வரி எழுதுவார். வேலி வரை நடப்பார். வந்து அந்த வரியை அடிப்பார். நான்கே நாளில் பதினொரு பக்கம் ஆயிற்று. ஏழு குற்றச்சாட்டும் தூள் தூள்.

அந்தக் காலத்தில் நாலு பேர் சேர்ந்து நின்றாலே போலீஸ் அனுமதி வேண்டும். எனவே கூட்டத்துக்கு அனுமதி கேட்டுப் படிவம் நிரப்பினார். 'ஆதாரங்களை இணைக்கவும்' என்றிருந்தது. மற்றவர்களாயிருந்தால் அதைக் கண்டுகொள்ள மாட்டார்கள். சில்வெஸ்டர் புகாரை அப்படியே இணைத்து ஸ்டேஷனுக்கு அனுப்பினார்.

மூன்றாம் நாள் காலை, பெரட்டுக் களத்தில் ஆளெண்ணிப் பெயர் கூப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே போலீஸ் லோரி உள்ளே வந்தது. புகாரில் இருந்த ஏழு பெயரையும் படித்தார்கள். புகாரிலும் கைநாட்டு வைத்திருந்த, ரப்பர் பால் வாளியோடு நின்ற காளியம்மா உட்பட ஏழு பேரையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

ரெங்கசாமி மண்டோர் மூச்சு வாங்க ஆபீசுக்கு ஓடி வந்தார். "கிராணி ஐயா! உங்களக் கொல்லப் பாத்தாங்கன்னு ஏழு பேரையும் புடிச்சிட்டுப் போயிட்டாங்க! கப்பலேத்தி ஊருக்கு அனுப்பிடுவாங்களாம்!"

"என்னையா? எதுக்கு?"

"தூக்குல போடணும்னு எழுதிக் கையெழுத்தே வச்சிருக்காங்களாமே!"

சில்வெஸ்டருக்கு அந்த 'வி' கண்முன் வந்து நின்றது. லி மாதிரியே நின்றது. தூக்கிவிட வேண்டும், தூக்கிலிட வேண்டும். கம்யூனிஸ்டுகள் காட்டுக்குள்ளிருந்து வந்து கிராணிகளையும் மண்டோர்களையும் சுடுகிற காலத்தில், ஏழு பேர் கையெழுத்திட்டுக் கிராணியைத் தூக்கிலிடத் தீர்மானித்த காகிதத்தை, அந்தக் கிராணியே உறையில் போட்டு, தபால்தலை ஒட்டி அனுப்பியிருக்கிறார். கூட்ட நடவடிக்கைகளை எழுதும் சங்கத்து மினிட் புத்தகத்தையும் தன் பதினொரு பக்கத்தையும் பையில் திணித்துக்கொண்டு, ஷீட் ஏற்றிப் போன லோரியில் தொற்றிக்கொண்டார்.

ஸ்டேஷனில் வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர் அவரைப் பார்த்ததும் எழுந்து கை கொடுத்தார். தப்பிப் பிழைத்தவர்களுக்குக் கொடுக்கிற கை அது. பக்கத்தில், புகாரை இங்கிலீஷாக்கிக் கொடுத்த மொழிபெயர்ப்பாளர் பெருமையோடு நின்றார்.

சில்வெஸ்டர் இங்கிலீஷில் விளக்கினார். தூக்குதல் என்பது பேச்சு வழக்கு. கயிறு இல்லை. பதவியை விட்டு நீக்குவது மட்டுமே. விதி இருபத்தேழு.

"அப்படியா? உங்களைப் போல ஒரு நல்ல மனிதரை ஏன் நீக்க வேண்டும்? என்ன தப்புச் செய்தீர்கள்?"

சில்வெஸ்டரின் கை பைக்குள் போய்ப் பதினொரு பக்கத்தைத் தொட்டது. "ஒரு தப்பும் இல்லை, சார். ஏழும் ஆதாரமற்றவை."

இன்ஸ்பெக்டர் தலையாட்டினார். "நானும் அதைத்தான் நினைத்தேன். குற்றச்சாட்டு பொய் என்றால் காரணம் வேறு. சங்கம் என்பது வெறும் மறைப்பு. நீங்கள் போகலாம்."

ஃபைலை மூடினார். உள்ளே கம்பிக்குப் பின்னாலிருந்து காளியம்மா யாரிடமோ, "வீட்டுல ரெண்டு புள்ளைங்க பசியோட கெடக்கும்பா" என்று கெஞ்சும் குரல் கேட்டது.

சில்வெஸ்டர் எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். பதினொரு பக்கத்தைப் பையின் அடியில் தள்ளிவிட்டு மினிட் புத்தகத்தை எடுத்தார்.

"சார், ஏழும் உண்மை."

"என்ன?"

"நிரூபிக்கிறேன்."

நிரூபித்தார். தனக்கு எதிராக இத்தனை திறமையாக வாதாடிய மனிதர் அந்தக் கட்டடத்தில் அதற்கு முன்பும் பின்பும் நின்றதில்லை. காளியம்மாவின் மூன்று கைநாட்டுத் தாள்களையும் திருப்பி அனுப்பிய பதிவை மேசையில் விரித்துக் காட்டினார். பாதி வருகைப் பட்டியலை வாசித்தார். இரங்கல் கூட்டத்துப் பக்கத்தைத் திருப்பினார்.

"அவருடைய சொந்த அப்பாவின் இரங்கல் கூட்டத்திலா மணி அடித்தீர்கள்?"

"ஐந்து நிமிடம்தான் சார் விதி. அவர் ஆறு பேசினார். ஒரு நிமிடம் சலுகை கொடுத்திருக்கிறேன்."

இன்ஸ்பெக்டரின் முகம் இன்னும் முழுதாக இளகவில்லை. சில்வெஸ்டர் ஏழாவது குற்றச்சாட்டுக்கு வந்தார். ஆண்டுக் கூட்ட நிகழ்ச்சி நிரலில் தேநீர் ஒன்பதாவது அம்சம். எட்டாவது அம்சம் முடிவதற்குள் ஊரடங்கு நேரம் வந்துவிட்டது. ஒன்பதாவதை அடையாமல் ஒன்பதாவதைப் பரிமாற முடியாது. எனவே இரண்டு அண்டா தேநீரும் கால்வாயில் கொட்டப்பட்டது.

"சூடாகவா இருந்தது?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர், மெல்லிய குரலில்.

"கொதிக்கக் கொதிக்க, சார்."

இன்ஸ்பெக்டர் மூடிய ஃபைலை மறுபடி திறந்தார். பிறகு சொன்னார்: "நான் அங்கே இருந்திருந்தால் எட்டாவது கையெழுத்து என்னுடையதாக இருந்திருக்கும்."

ஏழு பேரையும் விட்டார்கள். ஆனால் இன்ஸ்பெக்டர் வாக்குமூலத்தை எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, விரலை நீட்டினார். "ஞாயிற்றுக்கிழமையே கூட்டத்தை வையுங்கள். என் ஆள் ஒருவன் வருவான். தீர்மானத்தின் நகல் அன்றைக்கே என் மேசைக்கு வர வேண்டும். அதற்குப் பிறகும் நீங்கள் செயலாளர் என்று கேள்விப்பட்டால், இன்று நீங்கள் சொன்னதெல்லாம் நாடகம் என்று எடுத்துக்கொள்வேன். ஏழு பேரும் திரும்ப உள்ளே."

அறிவிப்பு கொடுத்துப் பதினான்கு நாள் முடிய இன்னும் ஐந்து நாள் இருந்தது. அதைச் சொல்லச் சில்வெஸ்டர் வாயைத் திறந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக, திறந்த வாயைச் சும்மா மூடினார்.

திரும்பும் லோரியில் ஏழு பேரோடு அவரும் ஏறிக்கொண்டார். வழியில் புக்கிட் பெலிம்பிங் ஊரைத் தாண்டியதும் நவமணி அவர் பக்கம் திரும்பினான். "அந்த ஒரு எழுத்த நீங்க அப்பவே திருத்தியிருக்கலாம் லா, ஐயா."

"விதி முப்பத்தொன்று."

"அட, போங்கய்யா!" என்றாள் காளியம்மா. சொல்லிவிட்டுத் தன் முந்தானையில் முடிந்து வைத்திருந்த வெற்றிலையில் பாதியைக் கிள்ளி அவரிடம் நீட்டினாள்.

ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு நாற்பத்தைந்து பேர் வந்தார்கள். முப்பது கை வேண்டும். வாசலில் போலீஸ்காரர் சைக்கிளைச் சாய்த்துவிட்டு நின்றார்.

"செயலாளர நீக்கணும்னு சொல்றவங்க கையத் தூக்குங்க" என்றார் ரெங்கசாமி மண்டோர்.

ஒரு கையும் எழவில்லை.

"என்ன ஆட்டம் இது?" சில்வெஸ்டர் பதறி எழுந்தார். "காளியம்மா, மூணு தாளத் திருப்பி அனுப்பினேனே, மறந்து போச்சா?"

"உள்ள கெடந்த எங்கள மீட்டுக் கொண்டாந்த மனுசன நான் நீக்க மாட்டேன். என் கை எழாது."

"எழணும்மா! எழலன்னா மறுபடி லோரி வரும்!" அவர் வரிசைகளுக்கு நடுவே போனார், வந்தார். ஒவ்வொருவருக்கும் தான் செய்த அநியாயத்தை எடுத்துச் சொன்னார். "மண்டோரே, உங்க அப்பா பேரச் சொல்லிக்கிட்டிருக்கும்போதே அடிச்சேன் மணிய. நெனச்சுப் பாருங்க!"

மண்டோருக்கு நினைவு வந்தது. கையும் வந்தது. அவரைப் பார்த்து ஒன்றிரண்டு, பிறகு ஏழெட்டு என்று எழுந்தன. காளியம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை மட்டும் தூக்கினாள். நவமணி எண்ணினான். இருபத்தொன்பது. இன்னொரு தடவை எண்ணினான். அதே இருபத்தொன்பது. போலீஸ்காரர் உள்ளே எட்டிப் பார்த்தார்.

செயலாளருக்கும் ஓர் ஓட்டு உண்டு. எட்டாவது விதி. சில்வெஸ்டர் தன் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று, மேசையில் இருந்த பேனாவை ஒரு தரம் பார்த்துவிட்டு, வலது கையைத் தூக்கினார். அந்த நேரம் மட்டும் அவர் முழங்கால் ஆடவில்லை.

புதிய செயலாளராக நவமணி தேர்ந்தெடுக்கப்பட்டான். புதிய செயலாளரின் முதல் நடவடிக்கையாகத் தேநீர் முதல் அம்சமாக்கப்பட்டது. காளியம்மா சூடாக ஒரு குவளையைச் சில்வெஸ்டர் கையில் வைத்தாள். அவர் மூன்றாவது வரிசையில் போய் உட்கார்ந்தார். முழங்கால் மறுபடி ஆட ஆரம்பித்தது.

நவமணி நாக்கைக் கடித்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போக வேண்டிய நகலை எழுதினான். போலீஸ்காரர் பக்கத்திலேயே கையை நீட்டிக்கொண்டு காத்திருந்தார். சில்வெஸ்டர் கழுத்தை நீட்டிப் பார்த்தார். 'இன்று செயலாளரை முறைப்படி தூக்கிவிட்டோம்.' அந்த 'வி' இந்தத் தடவையும் 'லி' மாதிரியே நின்றது.

"ஒழுங்குப் பிரச்சினை!" என்று துள்ளி எழுந்தார்.

ரெங்கசாமி மண்டோர் மேசை மணியை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு, நிதானமாக அடித்தார். ஒரு நிமிடச் சலுகைக்கும் சேர்த்து அடித்தார்.

"கிராணி ஐயா, நீங்க இப்ப சாதாரண உறுப்பினர். கேள்வி கேக்கறது ஒம்பதாவது அம்சம். அதுவரைக்கும் கையத் தூக்கிக்கிட்டு உக்காருங்க."

போலீஸ்காரர் தாளை வாங்கி நான்காக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சைக்கிளை நிமிர்த்தினார். சில்வெஸ்டர் ஒரு கையில் ஆறிக்கொண்டிருக்கும் தேநீரோடு, இன்னொரு கையைத் தலைக்கு மேலே தூக்கியபடி உட்கார்ந்திருந்தார். கூட்டம் அப்போதுதான் இரண்டாவது அம்சத்துக்கு வந்திருந்தது.