விற்றதைத் திரும்ப எடுக்கப் போனவன்

கம்ப்யூட்டர் விற்கப் போனால் டீ கிடைக்கும்; விற்ற கம்ப்யூட்டரைத் திரும்ப எடுக்கப் போனால் கேட்டிலேயே நிற்க வேண்டும். சர்வீஸ் வேலையில் மாட்டிக்கொண்ட சகாக்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. தொழிற்சாலைகளில் பழுதாகிக் கிடக்கும் கம்ப்யூட்டர்களை, விற்ற கம்பெனியே எடுத்து முறையாக அழிக்க வேண்டும் என்று 2012இல் விதி வந்தது. ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலைக்கு 2006இல் நாற்பது கம்ப்யூட்டர் விற்றவன் நான். எடுக்கவும் என்னையே அனுப்பினார்கள்.

கேட்

செக்யூரிட்டிக்காரர் நோட்டைப் புரட்டினார். நாற்பதும் உள்ளே போனபோது காவலுக்கு இருந்தது வேறு ஏஜென்சி. அந்த நோட்டு இல்லை. நான்தான் கொண்டுவந்து இறக்கினேன் என்றேன்.

“உள்ள வந்ததுக்கே எழுத்து இல்ல. வராத பொருள எப்பிடி சார் வெளிய வுடறது?”

கிடங்கு

தொழிற்சாலை மேனேஜர் கையெழுத்தில் அது தீர்ந்தது. பெட்டிகளைத் தூக்கினால், பாதி வெறும் காற்றாக இருந்தன. ஒயர் இல்லை, போர்டு இல்லை, பல மானிட்டர்களையே காணோம். எல்லாம் ஊருக்குள் ஸ்கிராப் எடுக்கும் முனுசாமியிடம் போயிருந்தது. ஸ்டோர்காரருக்குச் சொந்த ஊர் நாங்குநேரிப் பக்கம். முகம் மாறவே இல்லை.

“ஒங்க கம்பெனி லெட்டர்ல பெட்டியத்தான கேட்டிய அண்ணாச்சி? உள்ள உள்ளதக் கேக்கலயே.”

ஏரிக்கரை

முனுசாமியைத் தேடிப் போனேன். அவர் கொட்டகைக்குப் பின்னால், செம்புக்காக ஒயர் எரிந்துகொண்டிருந்தது. அவர் மனைவி செல்வி, முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டு மானிட்டரைச் சுத்தியலால் உடைத்துக்கொண்டிருந்தார். உள்ளே ஈயம் இருக்கிறது, இந்தப் புகையும் நெஞ்சுக்கு ஆகாது என்றேன். இருமி முடித்துவிட்டுச் சொன்னார்:

“கம்பெனில வேல கேக்கப் போனப்ப இன்னா படிச்சிக்கீறன்னு கேட்டானுங்க. இத்த ஒடைக்க யாரும் ஒண்ணும் கேக்கல சார்.”

லாரி

கிடங்கில் மிச்சம் இருந்ததை ஏற்றி முடித்தபோது முனுசாமி லாரிக்கு முன்னால் வந்து நின்றார். தொழிற்சாலை நிற்பது அவர் நெல் விதைத்த நிலத்தில். நிலத்தை விற்றபோது வேலை கேட்டார். கழிவை எடுத்துக்கொள் என்று வாய்வார்த்தையாகச் சொன்னார்கள். புது விதியால் அதுவும் இப்போது என் கைக்கு வந்துவிட்டது. அவர் வீட்டு அடுப்பு அதில்தான் எரிகிறது என்று எனக்குத் தெரியும். செல்வியின் இருமலும் இன்னும் காதில் இருந்தது. மேனேஜர் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். முனுசாமி கத்தவில்லை, வழிவிட்டு ஒதுங்கிக்கொண்டே கேட்டார்:

“வித்தவனே திரும்ப எத்துக்கணும்னு ரூல்ஸாமே? சரி, எத்துக்கினு போ சார். நான் வித்தது இந்த நெலம். நான் எப்ப வந்து எத்துக்கட்டும்?”

நான் விற்றது பழுதானதால் திரும்பி வந்தது. அவர் விற்றது மூன்று ஷிப்டும் நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது.