முழுதாகக் காயாத படலம்

ஆய்வகத்தில் அவளுடைய சொந்தப் பெயரைச் சொன்னால் பாதிப் பேருக்குத் தெரியாது. 'காயட்டும் அக்கா' என்றால்தான் தெரியும். "அக்கா, படலத்தை எடுத்துடலாமா?" என்று கேட்டால், "காயட்டும்." சாப்பிடக் கூப்பிட்டால், "காயட்டும், வர்றேன்." ஒப்பந்தத்தில் வேலை பார்ப்பவர்களில் அவள்தான் மூத்தவள். அவளுக்குப் பின்னால் வந்தவர்கள் நிரந்தரமாகி, வீடு கட்டி, தொப்பையும் போட்டுவிட்டார்கள். இவள் மட்டும் வருடா வருடம் ஒப்பந்தத்தை நீட்டச் சொல்லி ஆபீஸ் வாசலில் நின்றாள். எல்லாம் பழகிவிடும் என்று ஆறுதல் சொல்கிறவர்களை ஒரு வருடம் அங்கே நிற்க வைத்துப் பார்க்க வேண்டும்.

அவள் பார்த்தது பேட்டரி வேலை. லித்தியம் பேட்டரிக்குள் இருக்கும் திரவம் தீப்பிடிக்கக்கூடியது. அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் மெல்லிய பாலிமர் படலம் ஒன்றை வைத்தால் ஆபத்து குறையும். பாலிமரையும் லித்தியம் உப்பையும் சால்வென்ட் எனப்படும் கரைப்பானில் கரைத்துத் தட்டில் ஊற்றுவாள். பிறகு வேக்குவம் ஓவனில் வைத்தால் சால்வென்ட் ஆவியாகிப் போய், படலம் மட்டும் மிஞ்சும். லித்தியம் அயனிகள் அந்தப் படலத்தைக் கடந்து மறுபக்கம் போக வேண்டும். தாமாக அவை போவதில்லை. பாலிமர்ச் சங்கிலிகள் நெளிந்து நெளிந்து அவற்றைக் கடத்திவிட வேண்டும். சூடாக்கினால் நன்றாக நெளியும். சாதாரண அறையின் வெப்பத்தில் சோம்பிக் கிடக்கும்.

அவள் கணவர் டவுன் பஸ் கண்டக்டர். இதை அவரிடம் ஒருநாள் விளக்கிச் சொன்னபோது அவர் சிரித்தார். "இவ்வளவுதானா? கூட்டத்துல பின்னாடி நிக்கிறவன் டிக்கெட் காச கை மாத்தி விடுவான்ல, அது மாதிரி. நடுவுல நிக்கிறவன்லாம் தூங்கிட்டா காசு என் கைக்கு எப்படி வரும்?" அத்தனை வருடங்களில் அவள் வேலையை அவ்வளவு சுருக்கமாக யாரும் சொன்னதில்லை. பிஎச்.டி. முடித்த அவளை, காய்ச்சலுக்கு மாத்திரை எழுதத் தெரியாத டாக்டர் என்று கேலி செய்வதும் அவர்தான்.

அவள் செய்த படலங்களில் எல்லாரும் தூங்கிக்கொண்டுதான் இருந்தார்கள். எந்த உப்பைப் போட்டாலும், எந்தப் பாலிமரை மாற்றினாலும் அறை வெப்பத்தில் அயனி நகராது. அந்த மழைக்காலத்தில் மட்டும் ஒரு படலம் விழித்துக்கொண்டது. அளவெடுத்தபோது அயனி ஓட்டம் வழக்கத்தைவிட ஐம்பது மடங்கு வந்தது. கம்பியைக் கழற்றி மாட்டினாள், வேறொரு துண்டை வெட்டி வைத்துப் பார்த்தாள். ஐம்பது மடங்கேதான்.

ஆய்வகத் தலைவியான அம்மாள் எதற்கும் எளிதில் மகிழாதவர். அவரே எழுந்து வந்து அவள் தோளில் கை வைத்தார். ஒரு பேட்டரி கம்பெனியோடு பேச்சு தொடங்கியது. திரும்பச் செய்து காட்டினால் பணம் போடுவதாகச் சொன்னார்கள். அந்தத் திட்டம் வந்தால் அவள் வேலை நிரந்தரம் என்று நிர்வாகமும் வாய் திறந்து சொல்லிவிட்டது.

திரும்பச் செய்தாள், வரவில்லை. மறுபடி செய்தாள், அதே உப்பு, அதே பாலிமர், அதே தட்டு. பழைய தூக்கம்தான். ஒரு மாதம் இப்படிப் போனது. காலையில் கண் விழிக்கும்போதே உடம்பு அடித்துப் போட்டதுபோல் இருந்தது. பஸ்ஸில் நின்றபடியே கண் சொருகியது. கம்பெனிக்காரர்கள் வரும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

ஒரு சாயங்காலம் வீட்டுக்கு வந்து, செருப்பைக் கூடக் கழற்றாமல் நாற்காலியில் சாய்ந்தாள். கணவர் அந்த மழைக்காலத்தில் நெஞ்சு வலி வந்து ரத்தக் குழாயில் அடைப்பு எடுத்தபின் மருத்துவ விடுப்பில் வீட்டில் இருந்தார். வெங்காயம் உரித்துக்கொண்டே அவளைப் பார்த்தார்.

"என்ன டாக்டரம்மா, இன்னைக்கும் தூங்கிட்டாங்களா?"

"ம்."

"விடு. நான் ஒண்ணு சொல்லவா? அந்த நெஞ்சு வலி வந்ததுகூட ஒருவகையில நல்லதுதான். கல்யாணம் ஆனதுலேர்ந்து எனக்காக நீ வேலைய பாதியில போட்டுட்டு ஓடி வந்தது அன்னைக்கு மட்டும்தான். கண்ணத் திறந்தா பக்கத்துல நிக்கிற, ஒரு கையில கிளவுஸோட. நர்ஸ்கூட நீ அங்க வேலை பாக்கறவன்னு நெனச்சுட்டா." அவர் வெங்காயத்தின் மேல் பழி போட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பாதியில் விட்டது எதை? டிப்போவிலிருந்து போன் வந்தபோது ஓவனுக்குள் இருந்தது அந்த ஐம்பது மடங்குப் படலம்தான். இன்னும் இரண்டு நாள் காய வேண்டியது. அவசரமாக ஓவனை நிறுத்தி, படலத்தை எடுத்து ஈரக்காற்று படாத பெட்டிக்குள் போட்டுவிட்டு ஓடியிருக்கிறாள். ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் அது மனத்தைவிட்டே போய்விட்டது. திரும்பி வந்து, காய்ந்ததாக நினைத்து அளந்துவிட்டாள். சால்வென்ட் முழுதும் போய்விட்டால் எடை குறைவது நிற்கும்; நின்றதா என்றுகூடப் பார்க்கவில்லை. யாருக்கும் சந்தேகம் வரவில்லை, செய்தவள் காயட்டும் அக்கா அல்லவா!

மறுநாள் அந்தப் படலத்தில் மிச்சமிருந்த துண்டை எடை போட்டு ஓவனில் வைத்தாள். முழுதாகக் காயும்வரை இரண்டு நாள் காத்திருந்தாள். வெளியே எடுத்தபோது எடை குறைந்திருந்தது. அளந்தாள். பழைய தூக்கம்.

நேராகத் தலைவியின் அறைக்குப் போனாள்.

"மேடம், அது பாலிமர் இல்ல. உள்ள தங்கிப்போன சால்வென்ட்தான் அயனிய நகர்த்தியிருக்கு. நான்தான் சரியா காய வைக்கல."

"நீங்களா?" அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். "கொஞ்சம் சால்வென்ட் இருந்தா இருக்கட்டுமேன்னு அவங்ககிட்ட சொல்லிப் பாக்கலாமா?"

"எந்தத் திரவம் வேணாம்னு இத்தனை வருஷம் கஷ்டப்பட்டோமோ அதையே உள்ள வச்சுட்டு, திடமான படலம்னு எப்படி மேடம் சொல்றது? நெருப்புப் பிடிச்சா?"

"தெரியும்மா. ஒரு பேச்சுக்குக் கேட்டேன்." அவரும் களைத்துத்தான் போயிருந்தார். "உங்க வேலை விஷயம்..."

"தெரியும் மேடம்."

கம்பெனிக்கு அன்றே தகவல் போனது. அவள் வழக்கம்போல் தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுக் கிளம்பினாள். பஸ்ஸில் அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். அதற்குக்கூட உடம்பில் தெம்பில்லை.

சாப்பிட உட்கார்ந்ததும், படலம் முழுதாகக் காயாததுதான் காரணம் என்று சொன்னாள். கணவர் தட்டிலிருந்து கையை எடுத்தார்.

"அப்ப வேலை?"

"அடுத்த வருஷமும் ஆபீஸ் வாசல்தான்."

"எவ்வளவு ஆசையா இருந்தே..." அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "யாரு அது, காயறதுக்குள்ள எடுத்த புண்ணியவான்?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "புதுசா வந்த ஒரு பொண்ணு."

"நாக்கப் புடுங்கிக்கற மாதிரி நாலு கேள்வி கேட்டியா இல்லையா?"

"இல்லங்க. அன்னைக்கு அவ வீட்டுக்காரர ஆஸ்பத்திரியில சேத்துட்டாங்கன்னு போன் வந்துதாம். அப்படியே போட்டுட்டு ஓடியிருக்கா."

அவர் கோபம் பட்டென்று இறங்கியது. குழம்புப் பாத்திரத்தை அவள் பக்கம் நகர்த்தினார்.

"அப்ப அந்தப் பொண்ண ஒண்ணும் சொல்லாத. அவ ஓடினதுதான் சரி."

"சரிங்க," என்றாள். இப்போது அழுகை வந்தது.