லிப்டில் படுத்துப் பார்த்த பாபிகிர்

அமீரகத்தின் அஜ்மானில் கிளினிக் திறக்க நினைப்பவர்கள் இடத்தைப் பிடித்ததும் அடுத்துத் தேடுவது ஒரு மந்தூபைத்தான். அலுவலகம் அலுவலகமாக விண்ணப்பத்தைத் தூக்கிக்கொண்டு போய், முத்திரை வாங்கி, குறை சொன்னால் திருத்தி மறுபடியும் கொண்டுபோகிற ஆள் அவர். பாபிகிர் இஸ்மாயிலுக்கு அந்த வேலையில் பத்தொன்பது வருஷம் ஓடிவிட்டது. அதற்கு முன்பு சூடானில், கஸலா ஊர்ப் பள்ளிக்கூடத்தில் உயிரியல் நடத்திக்கொண்டிருந்தார்.

மற்ற மந்தூப்கள் விதிப்புத்தகத்தில் தங்களுக்கு வேண்டிய பக்கத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். பாபிகிர் அட்டையிலிருந்து அட்டைவரை படிப்பார். படித்ததோடு விடவும் மாட்டார். கை கழுவும் இடத்தில் முழங்கையால் தள்ளுகிற குழாய் எதற்கு? எக்ஸ்ரே அறைக் கதவுக்குள் ஈயத் தகடு இருக்கிறதா இல்லையா என்பதை வெளியிலிருந்து எப்படிக் கண்டுபிடிப்பது? சுகாதாரத் துறைக் கவுண்டரில் அவர் தலை தெரிந்தாலே, பின்னால் நிற்பவர்கள் அடுத்த வரிசைக்கு மாறிக்கொள்வார்கள்.

டாக்டர் ஸவ்ஸன் சிரியாவின் ஹோம்ஸ் நகரத்துக்காரி. குழந்தை மருத்துவர். பதினொரு வருஷம் பிறருடைய ஆஸ்பத்திரிகளில் வேலை பார்த்துவிட்டு, பழைய கட்டடம் ஒன்றின் மூன்றாவது மாடியில் சொந்தமாக ஒரு கிளினிக் போட்டிருந்தார். பட்டங்களைச் சரிபார்த்து முடித்தாயிற்று. வரைபடத்துக்கு ஒப்புதல் வந்தாயிற்று. தீயணைப்புத் துறையும் தலையாட்டிவிட்டது. வியாழக்கிழமை ஆய்வாளர் வந்து பார்த்துவிட்டுப் போனால் லைசென்ஸ்.

செவ்வாய்க்கிழமை கடைசியாக ஒருமுறை சரிபார்க்க வந்த பாபிகிரின் கண் வரைபடத்தில் ஒரு இடத்தில் நின்றது. நோயாளியைப் படுக்கவைத்து வெளியே கொண்டுபோகும் வழியை, அறையிலிருந்து லிப்ட்வரை ஓர் அம்புக்குறியால் காட்டியிருந்தார்கள்.

"டாக்டர், ஒரு ஆளைப் படுக்க வெச்சு இறக்கிப் பாத்தீங்களா?"

"பிளான்தான் பாஸ் ஆயிடுச்சே உஸ்தாத். இஞ்சினியர் அம்பே போட்டுக் குடுத்திருக்காரு."

"அம்பு மடங்கும். ஸ்ட்ரெச்சர் மடங்காதே."

தலைப்பாகையைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு அவரே ஸ்ட்ரெச்சரில் ஏறிப் படுத்துக்கொண்டார். ஒரு பக்கம் டாக்டர், மறுபக்கம் கட்டடத்து வாட்ச்மேன் ஷேர் ஸமான், இருவருமாகத் தள்ளினார்கள். தலை லிப்டுக்குள் போனது. இடுப்பும் போனது. கால்மாட்டில் ஒரு முழம் வெளியே நின்றுவிட்டது. கதவு வந்து ஸ்ட்ரெச்சரில் இடித்துத் திரும்பியது. மறுபடியும் வந்து இடித்தது.

"நோயாளி கொஞ்சம் குள்ளமா இருந்தா சரியாப் போயிடும் உஸ்தாத்" என்றான் ஷேர் ஸமான்.

டாக்டருக்குச் சிரிப்பு வரவில்லை. வரப்போகிறவர்கள் எல்லாம் குழந்தைகள், கையிலேயே தூக்கிக்கொண்டு இறங்கிவிடலாம் என்று வாதாடினார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "வியாழக்கிழமை வர்றவங்க பிளானைத்தானே பாப்பாங்க. நாமளா எதுக்கு வாயைத் தொறக்கணும்?"

பாபிகிர் படுத்தபடியே தலையைத் திருப்பி லிப்டின் பின்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். இடுப்பளவு உயரத்தில் தகட்டின் குறுக்கே மயிரிழைபோல ஒரு கோடு ஓடியது. அதன் கீழே, ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டியிருந்த பீட்ஸா கடை நோட்டீஸ்களுக்கு நடுவில் ஏதோ புடைத்துக்கொண்டிருந்தது. நகத்தால் சுரண்டினார். ஒரு சாவித் துவாரம்.

"ஷேர் ஸமான், இது என்னது?"

"பதினாலு வருஷமா இதுல ஏறி எறங்குறேன். பீட்ஸா நோட்டீஸுன்னுதான் நெனச்சேன்."

பாபிகிர் எழுந்து தலைப்பாகையைச் சுற்றிக்கொண்டு, அங்கிருந்தபடியே ஆய்வு அலுவலகத்துக்குப் போன் செய்து வியாழக்கிழமை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். டாக்டருக்கு முகம் சிவந்துவிட்டது. திறப்பு விழாவுக்கு அழைப்புப் போயாயிற்று. நர்ஸுகள் வேலையில் சேர்ந்தாயிற்று. அடுத்த இரண்டு நாள் அவர் போனை டாக்டர் எடுக்கவே இல்லை.

அந்த இரண்டு நாளும் பாபிகிர் சாவியைத் தேடி அலைந்தார். கட்டடச் சொந்தக்காரருக்கு அப்படி ஒரு துவாரம் இருப்பதே தெரியாது. லிப்டைப் பொருத்திக் கொடுத்த நிறுவனத்தை மூடி வெகுகாலமாகிவிட்டது. கடைசியில் ரோடெல் என்கிற பிலிப்பைன்ஸ் மெக்கானிக் ஒரு கொத்துச் சாவியோடு வந்தார். ஏழாவது சாவி திரும்பியது. பின்சுவரின் கீழ்ப்பாதி கதவாகத் திறந்துகொண்டது. உள்ளே ஒரு கை நீளத்துக்கு இரும்புப் பெட்டி. அதில் ஒரு துடைப்பமும் காய்ந்துபோன பெயிண்ட் டப்பாவும்.

"ஸ்ட்ரெச்சருக்குன்னே வெச்சதுதான் சார் இது" என்றார் ரோடெல். "பழைய லிப்டு சிலதுல இருக்கும். சாவி தொலைஞ்சா அப்படியே மறந்துடுவாங்க."

சேதியைக் கேட்டு டாக்டர் ஓடிவந்தார். இந்தத் தடவை அவரே படுத்துக்கொண்டார். தலைமாடு பெட்டிக்குள் நுழைய, கதவு எதிலும் இடிக்காமல் மூடியது. கீழே போய்த் திரும்பி வரும்வரை கூரை விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாந்து படுத்துக்கிட்டே போறது இப்படியா இருக்கும்?" என்றார் இறங்கியதும். "அந்த லைட்டு கண்ணைக் குத்துது. எத்தன குழந்தைங்கள இப்படித் தள்ளிட்டுப் போகச் சொல்லியிருக்கேன். ஒருநாளும் தோணல." அன்றைக்கே லிப்டு விளக்குக்கு ஒரு மூடி வாங்கி மாட்டச் சொன்னார். இரண்டு நாள் கோபத்துக்கு மன்னிப்பும் கேட்டார், கொஞ்சம் அவசரமாக.

அடுத்த வாரம் ஆய்வாளர் ஷம்ஸா வந்தார். பெட்டிக் கதவைத் தானே நாலு தடவை திறந்து மூடிப் பார்த்தார். வரைபடத்தில் அதைச் சேர்க்க வேண்டும், சாவி ரிசப்ஷனிலேயே தொங்க வேண்டும் என்று எழுதினார். தடுப்பூசிக் குளிர்பெட்டிக்கு இன்னொரு வெப்பமானி வாங்கச் சொன்னார். பிறகு பாபிகிர் பக்கம் திரும்பினார்.

"ஆய்வை நீங்களே தள்ளிவெக்கச் சொன்னீங்களாமே. எந்த மந்தூபும் அப்படிச் செய்ய மாட்டாங்களே?"

"ஸ்ட்ரெச்சர் போகுமா போகாதான்னு எனக்கே தெரியலம்மா. தெரியாம உங்ககிட்ட என்னத்தச் சொல்றது?"

ஆய்வு முடிந்த ஒன்பதாவது நாள் லைசென்ஸ் வந்தது. கிளினிக்குக்கு மேலாளராகவே இருந்துவிடும்படி டாக்டர் கேட்டார். பாபிகிர் இரண்டு நாள் யோசித்துவிட்டு முடியாது என்றார். சிறுநீரகம் கெட்டவர்களுக்கு ரத்தம் சுத்தம் செய்யும் நிலையம் ஒன்றின் விண்ணப்பம் கைக்கு வந்திருந்தது. முந்தின ராத்திரிதான் அதன் விதிகளைப் படிக்க ஆரம்பித்திருந்தார்.

"ஒரு ஆளுக்கு ஒரு தடவைக்கு நூத்தியிருவது லிட்டர் தண்ணி வேணுமாம் டாக்டர். அத்தன தண்ணி சுத்தமா இருக்குன்னு எப்படித் தெரிஞ்சுக்கறாங்க?"

"எனக்கும் சரியாத் தெரியாது" என்றார் டாக்டர் ஸவ்ஸன். "பாத்துட்டு வந்து சொல்லுங்க."